ஊருணிப் பாசி

சிட்டாள் ஆச்சி கலியாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் கணவர் பேச்சை ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். அதுவும் நகைநட்டுக்காக இல்லை, புடவைக்காக இல்லை. பாசிக்காக. காரைக்குடி ஊருணியில் படிகிற பச்சைப் பாசிக்காக.

அவளுடைய இரண்டாவது மகன் இராமு பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறியிருந்தான். உள்ளூர்க் கல்லூரியிலேயே பி.எஸ்ஸி. சேரப்போகிறேன், பாட்டனிதான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவனைப் பெற்ற அப்பச்சி முத்துக்கருப்பன் செட்டியார் பர்மாவில் கடை வைத்திருந்து, அறுபத்து நாலில் அந்த ஊர் அரசாங்கம் கடையைப் பிடுங்கிக்கொள்ள, ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்து சேர்ந்தவர். வந்து நாலு வருஷமாகியும் அந்தக் கடையை மனசுக்குள் இன்னும் பூட்டித் திறந்துகொண்டிருந்தார். செட்டி வீட்டுப் பிள்ளை பி.காம். படிக்காமல் செடிகொடியைப் படிப்பதாவது என்று குதிகுதியென்று குதித்தார்.

"செடியைப் படிச்சுட்டு எவன் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறானாம்?"

இராமு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெரியவன் சாத்தப்பன், நமக்கென்ன என்று பேப்பரை விரித்துக்கொண்டான். அடுப்படியிலிருந்து சிட்டாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க பி.காம். படிச்சிருந்தா மட்டும் பர்மாக்காரன் கடையை விட்டுட்டுப் போயிருப்பானாக்கும்? பையன் ஆசைப்படுறதைப் படிக்கட்டுமே."

செட்டியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "என்னமோ செய்ங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சிட்டாளுக்கே தன் வாயை நம்ப முடியவில்லை. இராமு மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை கூடப் பேசலாம் போல இருந்தது அவளுக்கு.

பாட்டனி என்றால் என்ன என்று அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான். பி.யூ.சி. படிக்கும்போது ஒருநாள் அதில் ஊருணிப் பாசியை அள்ளிக்கொண்டு வந்து அடுப்படி ஜன்னலில் வைத்தான். வளவு முற்றத்தில் பாசி பிடிக்கக் கூடாதென்று நாள் தவறாமல் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். "ஊரெல்லாம் பாசியைச் சொரண்டி வெளிய போடுது, நீ கொண்டாந்து நடுவீட்டுல வைக்கிறியா?" என்று சத்தம் போட்டாள்.

"ஆத்தா, நீ மைக்ராஸ்கோப்புல பாத்தியன்னா இப்புடிச் சொல்ல மாட்ட. தலைமுடி கணக்கா இருக்குதுல்ல, ஒவ்வொண்ணும் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள்ள பச்சை நாடாவை ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி வச்சிருக்கு. யாரு சுத்தி வச்சா? நம்ம ஊருணியிலதான் இருக்கு, ஒருத்தருக்கும் தெரியலை பாரு."

அவள் பாசியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். பர்மாக் கடை கைவிட்டுப் போனதிலிருந்து அந்த வீட்டில் யார் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அப்பச்சியிடம் மல்லுக்கு நின்றது அந்த முகத்துக்காகத்தான்.

ஜூன் மாதக் கடைசியில் கல்லூரி திறந்தது. இராமு பாட்டனி வகுப்பில் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் வந்ததும் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து அன்று நடத்திய பாடத்தை அவளிடம் ஒப்பிப்பான். அவளும் புரிந்த மாதிரி உம் கொட்டுவாள். அந்தச் சந்தோஷம் ஆனி மாதம் முடியும்வரை கூட நிலைக்கவில்லை.

நேமத்தான்பட்டியில் வயிரவன் செட்டியார் என்று ஒருவர். முத்துக்கருப்பன் செட்டியாருக்குப் பெரியப்பச்சி மகன். கடல் கடந்து ஈப்போவில் கடை, ஊரில் பெரிய வீடு, எல்லாம் உண்டு. பிள்ளைதான் இல்லை. அவர் மனைவி தேனம்மை ஆச்சி கும்பிடாத சாமி இல்லை, போகாத கோயில் இல்லை. அப்படியே விட்டால் கோயில் கணக்கில் குடும்பத்துக்கு ஒன்றாக எழுதி வருகிற புள்ளியே அவர்களுக்கு அற்றுப்போகும். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். ஒருநாள் காலையில் நாலைந்து பேர் வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வந்து முகப்பில் உட்கார்ந்து, வயிரவன் செட்டியாருக்குச் சுவீகாரமாக இராமுவைப் பிள்ளை கூட்டிக்கொள்வதாக இருக்கிறோம் என்றார்கள்.

இரண்டு ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் ஒன்றைக் கேட்பது அவர்கள் வழக்கம். கேட்டால் கொடுப்பதும் வழக்கம். பெற்றவளிடம் கேட்பது மட்டும் வழக்கத்தில் இல்லை. பையனைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, கேட்டார்கள். "என்னப்பா, சரிதானே?" என்று அத்தனை பெரிய மனிதர்களும் வட்டமாக உட்கார்ந்துகொண்டு கேட்டால், பதினெட்டு வயசுப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்? ஆடி பிறந்துவிடும் என்பதால் ஆனிக்குள்ளேயே நாள் வைத்துவிட்டார்கள்.

நேமத்தான்பட்டி வீட்டில் மஞ்சள் நீரைக் கலந்து வெள்ளிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. இராமு கிண்ணத்தை வாயில் வைத்தபடியே கூட்டத்துக்குள் யாரையோ தேடினான். சிட்டாளைக் கண்டதும் அவன் கண் அப்படியே நின்றது. அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பெயரை அவனுக்கு வைத்தார்கள். இராமு அன்றிலிருந்து காசிவிஸ்வநாதன். வயிரவன் செட்டியாரை அப்பச்சி என்றும் தேனம்மை ஆச்சியை ஆத்தா என்றும் கூப்பிட வேண்டும். பெற்றவள், முறைப்படி, சின்னாத்தா.

பந்தி முடிந்ததும் பங்காளி வீட்டு ஆச்சி ஒருத்தி சிட்டாளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "இந்தா பாரு, பிள்ளையைக் கொடுத்தாச்சு. இனிமே அவன் விஷயத்துல வாயைத் தொறக்காத. அங்குட்டு என்ன செஞ்சாலும் நல்லதுன்னு சொல்லு, இல்லைன்னா பேசாம இரு. பெத்தவ மூக்கை நுழைக்கிறான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா அது ஒன் மகனுக்குத்தான் சங்கடம்." சிட்டாள் தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் புதுசா என்ன!

ஆடி முழுக்க அவன் அந்த வீட்டில்தான் தங்கவேண்டும், பெற்ற வீட்டுப் பக்கம் வரக்கூடாது, அப்போதுதான் மனசு படியும் என்றும் பேச்சாகியிருந்தது. ஆனால் கல்லூரி காரைக்குடியில்தானே இருக்கிறது! காலையில் நேமத்தான்பட்டியிலிருந்து வரும் பஸ் ஊருணிக்கரை ரோட்டு வழியாகத்தான் போகும். சிட்டாள் குடிதண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். கூட வருகிற பக்கத்துத் தெரு பொன்னுத்தாயி, "என்ன ஆச்சி, இம்புட்டு நேரஞ் செண்டு வாரீக?" என்று கேட்டாள். "வேலை முடியலைடி" என்றாள் சிட்டாள். பஸ் ஜன்னலில் எந்தத் தலை தன் பிள்ளையின் தலை என்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடியவில்லை. குடத்தோடு பாட்டிலையும் கொண்டுபோய் அந்தப் பாசிக்கு ஊருணித் தண்ணீர் மாற்றிக்கொண்டு வருவாள். கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது என்று அவன் சொல்லியிருந்தான்.

ஆடியில் ஒருநாள் மத்தியானம். வீட்டில் ஆண்கள் யாருமில்லை. வாசலில் "ஆத்தா" என்று குரல் கேட்டது. சிட்டாள் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இராமு. கையில் புத்தகம். கொஞ்சம் கறுத்திருந்தான். சட்டை மட்டும் புதுசாக, விறைப்பாக, யாரோ இஸ்திரி போட்டுக் கொடுத்ததாக இருந்தது.

முதலில் அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை; தெருவைத்தான் பார்த்தாள். எதிர் வீட்டு முகப்பில் ஆள் இருந்தது.

"உள்ள வாய்யா. சின்னாத்தான்னு கூப்பிடு. யாராச்சும் கேட்டா என்ன நெனப்பாக?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் உள்ளே வந்தான். தன் பழைய இடத்தில், அடுப்படி வாசற்படியில் உட்காரப் போனவன் என்ன நினைத்தானோ, வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"சாப்பிடுறியா? கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்."

"பசிக்கலை. ஒண்ணு கேக்கணும் ஒன்கிட்ட." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னைய பி.காமுக்கு மாறச் சொல்றாக. ஈப்போக் கடையைப் பாத்துக்க அதுதான் தோதுப்படுமாம். மாறுறதா இருந்தா இந்த மாசத்துக்குள்ள மாறிக்கிறணும், அதுக்கு மேல காலேஜுல விடமாட்டாக. மாறவா, வேண்டாமா? நீ சொல்லு."

மாறாதே என்கிற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. பொய் இல்லை, வந்தது. அதைச் சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அந்த விநாடிக்குள் அவளுக்கு எத்தனை யோசனை! நான் மாறாதே என்று சொல்லி, இவன் போய் அங்கே மாட்டேன் என்று நின்றால், அவர்கள் என்ன நினைப்பார்கள்? கொடுத்த பிள்ளையைக் காரைக்குடியிலிருந்தே கயிறு போட்டு இழுக்கிறாள் என்பார்கள். தேனம்மை ஆச்சி முகம் சுருங்கிப்போகும். இவனுக்கு அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்குமா? ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் புத்தி சொன்ன அந்த ஆச்சியின் முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"நான் யாருய்யா அதைச் சொல்றதுக்கு?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஒங்க அப்பச்சி ஆத்தா என்ன சொல்றாகளோ அதைக் கேளு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுவாக."

இராமு நிமிர்ந்து பார்த்தான். "இல்ல, அவுகதான்..." என்று ஆரம்பித்தான். ஏனோ முடிக்கவில்லை. பிறகு, "நீ என்ன நெனக்கிற? அதைச் சொல்லு. அப்பச்சிகிட்ட அன்னைக்குச் சொன்னியில்ல, அது மாதிரி" என்றான்.

"அன்னைக்கு நீ எம் பிள்ளை."

இப்படிச் சொல்லலாமா ஒரு பெற்றவள்? அவள் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்துச் சொன்னாள். அந்த ஊர்ப் பக்கத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மரியாதைக்குப் பஞ்சம் வராது. பிள்ளை முகம் ரத்தம் சுண்டி வெளுத்ததைப் பார்த்ததும் அள்ளியெடுத்து அணைத்துக்கொள்ள மாட்டோமா என்று கை பரபரத்தது. கையையும் அடக்கிக்கொண்டாள்.

அவன் ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். "சரி. வாரேன் சின்னாத்தா" என்றான்.

அவள் கேட்டுக்கொண்டபடிதானே கூப்பிட்டான்! ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் படியிறங்கித் தெருமுனை திரும்புவதைக் கூட எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. கத்திரிக்காய் அடிப்பிடித்துக் கருகும் வாடை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரமே அவன் பி.காமுக்கு மாறிவிட்டான் என்று முத்துக்கருப்பன் செட்டியார் வந்து சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன். வயிரவண்ணனுக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்லாமப்போச்சு" என்று ரொம்பத் திருப்தியாக ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டார். சிட்டாள் பேசாமல் பரிமாறினாள். ஒரு தடவை பேசியாயிற்று, இன்னொரு தடவை பேச அவளுக்கு இப்போது எந்தப் பிள்ளையும் இல்லை.

ஆவணி பிறந்ததும் தேனம்மை ஆச்சி பலகாரத் தூக்கோடு காரைக்குடிக்கு வந்தாள். வெள்ளைத் தோல், பெரிய வைரத்தோடு, மெலிந்த உடம்பு. வந்து உட்கார்ந்து நலம் விசாரித்தாள். மழை பற்றிப் பேசினாள். ஈப்போவிலிருந்து வந்த பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி எங்கோ வர நினைக்கிறது, வர மாட்டேன் என்கிறது என்று சிட்டாளுக்குத் தெரிந்தது.

"பிள்ளை நல்லா இருக்கானா ஆச்சி?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"இருக்கான். சொன்ன சொல் தட்ட மாட்டேங்கிறான். சாப்பிடுறான், படிக்கிறான், படுக்குறான். ஆனா சிரிக்க மாட்டேங்கிறான்." தேனம்மை விரலில் இருந்த மோதிரத்தை உருட்டினாள். "சிட்டா, கோவிச்சுக்காத. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"என்ன வார்த்தை?"

"மாற வேண்டாம்னு. அன்னைக்கு அவனை அனுப்பினதே நான்தானே!"

சிட்டாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேனம்மை மெதுவாகச் சொன்னாள். பி.காமுக்கு மாறச் சொன்னது வயிரவன் செட்டியார்தான். பையன் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நேமத்தான்பட்டி ஊருணியில் போய்ப் பாசி அள்ளிக்கொண்டு வந்து ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். தேனம்மைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கணவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"அவுக என்ன சொன்னாக தெரியுமா? நேத்து வந்த பிள்ளையை நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா இழுக்கக் கூடாது. பதினெட்டு வருஷம் வளத்தவளுக்குத் தெரியும். அவ வேண்டாம்னு ஒரு சொல் சொல்லட்டும், பாட்டனியே படிக்கட்டும்னாக. அதான் அனுப்பினேன். நாங்க அனுப்பினதாச் சொல்லாதய்யா, சொன்னா அவ எங்களுக்காக மாத்திப் பேசுவா, நீயாக் கேக்குற மாதிரி கேளுன்னு சொல்லி அனுப்பினேன்."

"நீங்களே படின்னு சொல்லியிருக்கலாமே ஆச்சி" என்றாள் சிட்டாள்.

"எப்புடிச் சொல்லுவேன்? வந்து ஒரு மாசம் ஆகலை. நானாச் சொன்னா பெத்தவளுக்கு மேல பெரிய மனுஷியாயிட்டாம்பாகல்ல? ஒனக்கு மரியாதையா இருக்கட்டும்னு நெனச்சேன்."

அந்த மரியாதையில் கொள்ளியை வைக்க! இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நடுவில் நின்ற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.

"திரும்பி வந்து என்ன சொன்னான்?"

"சின்னாத்தா ஒங்க இஷ்டம்னு சொல்லிட்டாக, எதுல போட்டாலும் சரின்னான். டம்ளரைக் கொண்டுபோய்க் கொல்லையில ஊத்திட்டான்." தேனம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெறகு சாப்பிட உக்காந்தான். நான் சோறு வைக்கையில, போதும் ஆத்தான்னான். அன்னைக்குத்தான் மொதத் தடவையா என்னைய ஆத்தான்னு கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை வருஷம் தவங் கெடந்திருக்கேன்! சந்தோஷத்துல உள்ள போய் அழுதேன். இப்ப நெனச்சா, அந்தப் பிள்ளை எதை விட்டுட்டு வந்து அதைச் சொன்னான்னு பயமா இருக்கு."

சிட்டாள் அழவில்லை. அழுதால் விருந்தாக வந்தவளுக்குச் சங்கடம். காப்பி போட்டுக் கொடுத்தாள். குங்குமம் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

மறுநாள் கணவரிடம், கல்லூரிக்குப் போய்ப் பேசிப் பழையபடி பாட்டனிக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். "எந்த முறையில போய்க் கேக்கச் சொல்ற? அங்க அவன் அப்பன் பேரு வயிரவன் செட்டியார்" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த ஊரில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள். சிட்டாள் அதற்கு மேல் நியாயத்தை எதிர்பார்க்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, குதிரைவண்டி பிடித்துத் தானே கல்லூரிக்குப் போனாள். அவள் தனியாக வண்டி ஏறியது அதுதான் முதல் தடவை.

கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாள். போகிற வருகிற பையன்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மத்தியான மணி அடித்ததும் கூட்டமாக வெளியே வந்தார்கள். இராமு மூன்று நாலு பேரோடு வந்தான். "இராமு" என்று கூப்பிட்டாள். அவனுக்கு முன்னால் வந்த பையன்கள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த பி.காம். பையன்களுக்கு இராமு என்று யாரையும் தெரியாது, காசிவிஸ்வநாதனைத்தான் தெரியும். அவன்தான் நின்றான். மற்றவர்களை அனுப்பிவிட்டு மரத்தடிக்கு வந்தான்.

"வாங்க சின்னாத்தா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? தனியாவா வந்தீக?"

"தேனம்மை ஆச்சி வந்து எல்லாத்தையும் சொன்னாக." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மாற வேண்டாம்னு சொல்லத்தான்யா நெஞ்சு முழுக்க இருந்துச்சு. எனக்குத் தெரியாதுய்யா. பயந்துட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒன் மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சு என்ன செய்ய? நீ சொல்லலையே." சொல்லிவிட்டு அவன் புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "பாட்டனி போனதுகூடப் போகுது ஆத்தா. நீ பேசுவேன்னு நெனச்சு வந்தேன். மஞ்சத் தண்ணி குடிச்சா மட்டும் நீ இல்லைன்னு ஆயிருமான்னு நெனச்சுத்தான் வந்தேன்."

சிட்டாள் அங்கேயே, அத்தனை பையன்கள் பார்க்க, அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை.

"இப்பப் பேசுறேன்யா. உள்ள கூட்டிட்டுப் போ. பிரின்சிபால் கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

"எந்த முறையில கேப்பீக?" என்றான் இராமு. அப்பச்சி கேட்ட அதே கேள்விதான். அவர் குத்தலாகக் கேட்டார், இவன் அவளை நினைத்து வருத்தத்தோடு கேட்டான். இந்தக் கேள்விதான் அவளை அதிகமாகச் சுட்டது. "பாட்டனியில என் எடத்துக்கு வேற பையன் வந்துட்டான். எடம் இருந்தாலும் நான் கேக்க மாட்டேன். கேட்டா, பெத்த வீட்டுல வந்து அழுதாகன்னு மறுபடி மாறிட்டான்னு ஆகும். ஆத்தா பாவம்."

ஆத்தா என்றதும் ஒரு கணம் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துச் சிட்டாள் முகத்தைத் தூக்கினாள். அவன் எங்கோ நேமத்தான்பட்டி ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

அவனும் அதைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. பேச்சை மாற்ற, "பாசி இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்குய்யா. ஊருணித் தண்ணிதான் மாத்துறேன். நல்லாப் பச்சையா இருக்கு."

"இனிமே எதுக்கு? ஊத்திருங்க."

மணி அடித்தது. அவளை வண்டி வரை கூட்டிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டான். "பாத்துப் போங்க" என்றான். வண்டிக்காரனிடம், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகும்படி சொன்னான். நல்ல பிள்ளை. எந்த வீட்டில் இருந்தாலும் நல்ல பிள்ளை.

அன்று சாயங்காலம் சிட்டாள் குடத்தையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். அவன் சொன்னபடி ஊற்றிவிடத்தான் போனாள். படியில் உட்கார்ந்து மூடியைத் திறந்து கவிழ்த்தாள். தண்ணீரெல்லாம் போய் அந்தப் பச்சைக் கொத்து வழுக்கிக்கொண்டு வாய் வரை வந்தது. சட்டென்று உள்ளங்கையால் பாட்டில் வாயை அடைத்துக்கொண்டாள். பிறகு பாட்டிலை ஊருணியில் முக்கி, புதுத் தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டாள்.

பக்கத்துப் படியில் குடம் விளக்கிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் தெனமும் பாக்குறேன், அந்தப் பாசியப் போயிச் செல்லங் கொஞ்சிக்கிட்டு இருக்கீகளே. யாருக்கு ஆச்சி அது?"

"எம் மகனுக்கு."

"சாத்தப்பனுக்கா? அவருதான் படிச்சு முடிச்சுட்டாரே."

"சாத்தப்பன் இல்லைடி" என்றாள் சிட்டாள். "எம் மகன் இராமுவுக்கு. அவன் பாட்டனி படிக்கணும். மாறக் கூடாது. நான் பெத்தவ சொல்றேன், அவன் மாறக் கூடாது."

குரல் ஊருணியின் எதிர்க்கரை வரை கேட்டது. தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுத்தாயி தன் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து, ஆச்சியின் குடத்தில் தண்ணீர் மொண்டு, அவள் இடுப்பில் தூக்கி வைத்தாள்.